கயாக்கின் மூக்குக்குள் ஒரு பலகை

வசந்தாமணிக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிச் சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் பெருமைதான் என்பதால், திருஷ்டிப் பொட்டு மாதிரி இது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுப் பக்கம் யாரை நிறுத்திக் கேட்டாலும், "மோட்டார் எடுக்கிற அம்மாவுங்களா? அவங்க பேச்சுக்குப் பயந்தே பாதி மோட்டார் மேல வந்துருமுங்க" என்பார்கள். கேலிதான். ஆனால் தங்கள் தோட்டத்து மோட்டார் உள்ளே விழுந்தால் அதே ஆட்கள்தான் முதல் போனை அவருக்குப் போடுவார்கள்.

வேலை இதுதான். போர்க்குழிக்குள் தொங்கும் மோட்டார், பைப் துருவேறி அறுந்தாலோ கயிறு விட்டுப்போனாலோ அடிக்குப் போய்விடும். அறுநூறு எழுநூறு அடி ஆழம். குழியின் அகலமோ ஒரு சாண்கூட இல்லை. கண்ணும் போகாது, கையும் போகாது. கேமரா இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சேற்றுத் தண்ணீரில் கேமராவுக்கும் கண் தெரியாது. வசந்தாமணி ஒரு துணி சோப்பை எடுத்து, அடுப்பில் லேசாக வாட்டி இளக்கி, கம்பி முனையில் கட்டி இறக்குவார். அது போய் எதன்மேலோ உட்காரும். ஓர் அமுக்கு அமுக்கி மேலே இழுத்தால் சோப்பின் அடியில் அச்சு விழுந்திருக்கும். பைப்பின் வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கேபிள் எங்கே சுருண்டு கிடக்கிறது என்று அந்த அச்சைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அதற்குத் தோதாகக் கொக்கியை வளைப்பார்.

இது அவர் கணவர் தனபாலின் தொழில். தனபால் சில வருடங்களுக்கு முன்னால் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போய்விட்டார். ஆடிக்கும் தீபாவளிக்கும்தான் ஊர் வருவார். வீட்டு வாசலில் கயிறு சுற்றித் தூக்கும் வின்ச் வைத்த பழைய வேனும், இருபதடி பைப்பைத் தூக்கி நிறுத்தும் முக்காலி ஸ்டாண்டும் சும்மா நின்றன. அதுவரை கணவரோடு கூடப்போய்க் கயிறு பிடித்து, சோறு ஆக்கிப் போட்டு, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்த வசந்தாமணி ஒருநாள் வேன் சாவியை எடுத்தார். "பொம்பள எடுத்து மோட்டார் வருமா" என்று முதல் தோட்டத்தில் கேட்டவருக்கு, "மோட்டாருக்கு அது தெரியாதுங்க, நீங்களா போயிச் சொல்லிறாதீங்க" என்று பதில் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அன்று பொழுது சாய்வதற்குள் மோட்டார் மேலே வந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கந்தப்பன் அவருக்கு அப்படித்தான் பழக்கம். காவிரிக்கரைப் பக்கத்து விவசாயி, மஞ்சளும் கரும்பும் போடுகிறவர். அவர் தோட்டத்தில் எல்லோரும் கைவிட்ட மோட்டாரை வசந்தாமணி எடுத்துக் கொடுத்திருந்தார். இந்தச் சித்திரையில் கந்தப்பன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை மோட்டார் விழவில்லை. டெம்போவில் வாழை இலையும் சாக்கும் போட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒல்லியாக, நீளமாக என்னவோ ஒன்றைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார். கூடவே மகள் கனிஷ்கா.

"இதென்னுங்கண்ணா, பரிசலு ஒல்லியாப் போயிருச்சு?" என்றார் வசந்தாமணி.

"கயாக்குங்க அத்தை, துடுப்புப் போட்டு ஓட்டற படகு" என்றாள் கனிஷ்கா. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கனிஷ்காவுக்கு இருபது வயது. கல்லூரியில் சேர்ந்த வருடம் ஸ்கூட்டரில் போகும்போது அடிபட்டு, வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். முழங்கால் மடங்காது. தண்ணீரில் பயிற்சி செய்தால் நல்லது என்று டாக்டர் சொல்லி, கதவணைத் தேக்கத்தில் துடுப்புப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மருந்துக்காக ஆரம்பித்தது வெறியாகிவிட்டது. கால் ஊனமுற்றவர்களுக்கான போட்டியில் அவள் படகு ஓட்டி முடிக்கிற நேரம் நல்ல நேரமாக இருப்பதாகப் பயிற்சியாளர் எழுதிப்போட்டார். போபால் ஏரியில் நடக்கும் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

அழைப்பு வந்த பிறகுதான் சிக்கல். கயாக்கில் துடுப்புப் போடுவது கையால் மட்டும் இல்லை. உள்ளே காலை ஊன்றி அழுத்தினால்தான் கைக்குப் பலம் வரும். மற்றவர்கள் இரண்டு காலாலும் மாற்றி மாற்றி அழுத்துவார்கள். கனிஷ்காவுக்கு இடது கால் மட்டும். ஒரே பக்கம் அழுத்தி அழுத்தி, கால் வைக்கிற தாங்கி ஒருநாள் ஆற்று நடுவில் சுவரோடு பெயர்ந்துகொண்டு வந்துவிட்டது. படகு கவிழ்ந்து, அவளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உட்புறச் சுவரில் கீறல் விழுந்திருந்தது.

தாங்கியை மறுபடியும் போல்ட் போட்டால் மறுபடியும் பெயரும். அதற்குப் பதில் குறுக்கே சுவர் மாதிரி ஒரு முழுப் பலகையை வைத்து, சுற்றிலும் எப்பாக்சி பசையால் படகோடு ஒட்டிவிட வேண்டும். பலகைக்கு இந்தப் பக்கமும் ஒட்ட வேண்டும், படகின் முன்முனையான மூக்குப் பக்கமும் ஒட்ட வேண்டும். இந்தப் பக்கம் தோள்வரை கையை விட்டால் எட்டும். மூக்குப் பக்கம் எப்படி எட்டும்? பலகையை வைத்ததும் அதுவே வழியை அடைத்துக்கொள்கிறதே. லாரிக்கு பைபர் வேலை செய்யும் தமிழரசு, தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

"உள்ள கண்ணும் போகாது, கையும் போகாதுன்னு சொன்னாருங்க" என்றார் கந்தப்பன். "அப்பறம் எனக்கு உங்க நெனப்பு வந்துருச்சு."

வசந்தாமணி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். குழாய் மாதிரி போய்ப் போய் மூக்கில் குறுகுகிற இருட்டு. அவருக்கு அது ஒன்றும் புதிய இருட்டாகத் தெரியவில்லை.

"நின்னா போரு, படுத்தா கயாக்கு. உட்டுட்டுப் போங்கண்ணா" என்றார்.

போபாலுக்குப் படகை எப்படிக் கொண்டுபோவது என்பதற்கும் அவரே வழி சொன்னார். ரயிலில் ஏற்றமாட்டார்கள், பஸ்ஸில் இடம் இல்லை. ஆனால் திருச்செங்கோட்டிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்கு ரிக் வண்டியும் அதன் பின்னால் சாமான் ஏற்றிய துணை லாரியும் போகாத மாதம் உண்டா? செங்கோடன் என்பவர் பொறுப்பில் அந்த வாரமே ஒரு லாரி கிளம்புகிறது. துளையிடும் கம்பிகளுக்கு மேலே கயாக்கைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். கனிஷ்காவும் அப்பாவும் ரயிலில் போய் அங்கே வாங்கிக்கொள்வார்கள். அந்த லாரியை விட்டால் வேறு வழி கிடையாது.

முதல் நாள் சோப்பு வேலை. வாட்டிய சோப்பைக் கம்பி முனையில் கட்டி உள்ளே விட்டு, சுவரில் அழுத்தி எடுத்தார். கீறல் எதுவரை ஓடியிருக்கிறது என்று சோப்பில் மெல்லிய கோடாக விழுந்திருந்தது. அதைக் கனிஷ்காவிடம் காட்டினார். அதுவரை உம்மென்று இருந்த அந்தப் பெண், சோப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதோட நிக்கிதுங்களா அத்தை? மூக்கு வரைக்கும் போயிருக்கும்னு நெனச்சேன்."

"இதுக்கு அக்கட்ட நல்லா இருக்குது சாமி. வெசனப்படாத."

அதன்பிறகு அட்டையை வெட்டி உள்ளே நுழைத்துப் பார்ப்பதும், உரசுகிற இடத்தைக் கத்தரிப்பதுமாக ஒரு பொழுது போயிற்று. அட்டை சரியானதும் அதே அளவில் பலகை அறுத்தார்கள். கீறலுக்குப் பைபர் துணி வைத்து ஒட்டி, பலகையை உள்ளே தள்ளி, நகராமல் இருக்க அங்கங்கே பசையால் புள்ளி வைத்தார் வசந்தாமணி. அந்தக் கொஞ்சம் பசையைக் கனிஷ்கா டப்பாவில் போட்டிருந்தபடி அளந்து கலந்து கொடுத்தாள். புள்ளிகள் கல்லாக இறுகின.

மூக்குப் பக்கத்துக்கு வசந்தாமணி கண்டுபிடித்த வழியைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. கயாக்கை முக்காலி ஸ்டாண்டில் வின்ச் போட்டுத் தூக்கி, மூக்கு வானத்தைப் பார்க்க நேராக நிறுத்திவிட்டார். படுத்திருந்தபோது சுவராக இருந்த பலகை, இப்போது மூக்குப் பக்கத்துக்குத் தரையாகிவிட்டது. பலகையில் போட்டிருந்த சிறு ஓட்டை வழியாக ட்யூபை மேலே ஏற்றி, மாட்டு டாக்டர் வைத்திருக்கும் பெரிய ஊசியால் எப்பாக்சியை உள்ளே அனுப்பினால், அது தானாகப் பரவிப் பலகையின் ஓரமெல்லாம் போய்த் தேங்கி நிற்கும். கை போகாத இடத்துக்குப் பசையே நடந்து போய்விடும். வேன் கூரைமேல் ஏறி நின்று கயாக்கின் வயிற்றுக்குள் தோளை விட்டுக்கொண்டிருந்த வசந்தாமணியைப் பார்த்து, "போர் வானத்துக்குப் போட்டுட்டீங்களாக்கா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, அங்கயாவது தண்ணி இருக்குதான்னு பாக்கறேன்" என்றார் உள்ளேயிருந்து.

எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துச் செங்கோடன் போன் செய்தார். நல்ல நாள் முன்னால் அமைந்துவிட்டதாம். லாரி மறுநாள் சாயங்காலமே கிளம்புகிறதாம்.

வசந்தாமணி கணக்குப் போட்டார். இது இறுகி, இந்தப் பக்கமும் துணி வைத்து ஒட்டி, அதுவும் இறுகி... நேரம் இடித்தது. கலந்துகொண்டிருந்த கிண்ணத்தில் பசையை இறுகவைக்கும் மருந்தான ஹார்டனரை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"அத்தை, டப்பாவுல அளவு போட்டிருக்குதுங்க. ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு. எச்சுப் போடக்கூடாதாமா."

"தமிழரசு கடையில பாத்ததில்லியா சாமி? மழ நாள்ல ரெண்டு சொட்டு எச்சு உடுவான், சுருக்கா எறுகிப்போயிரும். எல்லாம் ஒரே பசைதான்."

இல்லை. திருச்செங்கோட்டில் பைபர் வேலையைப் பார்த்துப் பழகிய யாரும் செய்கிற தப்பு அது. லாரி முகப்புக்குத் தமிழரசு பூசுவது வேறு ஜாதிப் பசை. அதில் மருந்து கூடினால் வேகம் கூடும். எப்பாக்சியில் ஒவ்வொரு பங்குக்கும் அளந்து வைத்த ஜோடி உண்டு. மிஞ்சுகிற மருந்து ஜோடி கிடைக்காமல் அப்படியே நின்று, மொத்தத்தையும் ரப்பராக்கிவிடும். ஒரு நாள் விட்டாலும் ஒரு மாதம் விட்டாலும் இறுகாது.

மறுநாள் காலை வசந்தாமணி காபிகூடக் குடிக்காமல் வேன்மேல் ஏறினார். பலகையைத் தட்டினார். டொக் என்று சத்தம் கெட்டியாக வந்தது. அதில் திருப்திப்பட்டு இறங்குகிறவராக இருந்தால் இந்தக் கதையே வேறு. சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றை ஓட்டை வழியாக விட்டு, மூக்குப் பக்கம் வளைத்து ஊன்றினார். கம்பி முனை இறங்கியது. இன்னோர் இடத்தில் ஊன்றினார். அங்கேயும் இறங்கியது. பலாப்பழத்துப் பாலில் விரலை வைத்த மாதிரி இருந்தது.

புள்ளி வைத்த இடங்கள்தான் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தட்டினாலும் தெரியாது. இந்தப் பக்கம் துணி வைத்து ஒட்டி லாரியில் ஏற்றிவிட்டால், அந்த மூக்குக்குள் என்ன இருக்கிறதென்று இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாமலே போகலாம். ஒருவேளை போபால் ஏரி நடுவில் அந்தப் பெண் காலை ஊன்றும்போது பலகை கழன்று மூக்குக்குள் போகலாம். அப்போதுகூட ரோட்டில் லாரி குலுங்கியதால் விட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. வேன் கூரைமேல் நின்ற வசந்தாமணிக்கு இதெல்லாம் தோன்றத்தான் செய்தது. பெருமைக்காரருக்குத் தோன்றாமல் இருக்குமா? தோன்றியதைத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கி போனை எடுத்தார். அந்த இடத்தில்தான் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

"அண்ணா, அம்மிணியைக் கூட்டிட்டு ஒடனே வாங்க. மருந்தை நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

வந்ததும் கனிஷ்கா அந்த மெல்லிய கம்பியை வாங்கித் தானே ஊன்றிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "நான் சொன்னனுங்களே அத்தை" என்றாள்.

"சொன்னே சாமி. நாந்தான் கேக்கல. இன்னிக்கு நீ அளந்து கலக்கு, நான் நீ சொல்றத மட்டும் கேக்கற ஆளா இருக்கறன்."

"நீங்களா?" என்றாள் கனிஷ்கா. கோபத்துக்கு நடுவிலும் வாயோரம் கொஞ்சம் வளைந்தது. கந்தப்பன் சட்டையைக் கழற்றி வேன் கதவில் மாட்டிவிட்டு, "நான் என்ன பண்ணோணும், சொல்லுங்க" என்றார்.

கயாக்கை இறக்கிப் படுக்கவைத்தார்கள். புள்ளிகளை உளியால் தட்டிப் பலகையை வெளியே எடுத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த ரப்பரைச் சுரண்ட வேண்டும். ஆனால் சுவரைக் காயப்படுத்தக் கூடாது. வசந்தாமணி ஒரு நீளக் கம்பியின் முனையைத் தட்டி அகலமாக்கி, அரிவாள் மாதிரி வளைத்து, ஓரத்தை அரத்தால் மழுக்கினார். தரையில் குப்புறப் படுத்து, கயாக்கின் வயிற்றுக்குள் தலையும் தோளும் போக, கம்பியை முன்னால் நீட்டினார். டார்ச் தேவைப்படவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ரப்பரில் உரசினால் கம்பி இழுக்கும், சுவரில் உரசினால் வழுக்கும். இழுக்கிற இடத்தை மட்டும் தேடித் தேடிச் சுரண்டினார். பசை பட்டை பட்டையாக உரிந்து வந்தது. உள்ளே வெக்கையும் பசை நெடியும் ஆளைத் தூக்கின. நடுவில் இரண்டு முறை வெளியே வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மறுபடியும் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் போன ஒருவர், அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று கந்தப்பனிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

சுரண்டி முடிந்ததும் கம்பியில் துணி சுற்றித் தின்னரில் நனைத்துத் துடைத்தார். உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தார். கடைசியாகத் துணியை வெள்ளையாக விட்டு வெள்ளையாக எடுத்த பிறகுதான் எழுந்தார். முழங்கை இரண்டும் ரத்தமாக உரிந்திருந்தன.

கனிஷ்கா சமையல் தராசை வைத்து இம்மி பிசகாமல் அளந்தாள். கிண்ணத்தில் குவித்து வைத்தால் வெயிலுக்குச் சூடேறிக் கெட்டுப்போகும் என்று அகலத் தட்டில் ஊற்றிக் கலக்கினாள். பலகை மறுபடியும் உள்ளே போயிற்று, கயாக் மறுபடியும் வானத்தைப் பார்த்து நின்றது. மாட்டு ஊசியை வசந்தாமணி அழுத்தினார். "இன்னும் உடலாமா சாமி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டு விட்டார். பசை கொஞ்சம் பிடித்ததும் கயாக்கை இறக்கி, இந்தப் பக்க ஓரங்களிலும் பைபர் துணியை நனைத்துக் கம்பி முனைப் பிரஷ்ஷால் நீவி ஒட்டினார்கள். பிறகு சித்திரை வெயிலில் அதைக் கிடத்திவிட்டு, வசந்தாமணி முகத்தைக் கழுவிக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

அங்கே பூஜை ஆரம்பமாகியிருந்தது. லாரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஓட்டுகிறவர் குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. ரிக் தொழிலில் நல்ல நேரம் என்றால் நல்ல நேரம்தான். பழத்தை நசுக்கி வண்டி நகர்ந்துவிட்டால் பிறகு திரும்பி வந்து நிற்பது என்பது கிடையாது. அப்படித் திரும்பிய வண்டி போட்ட குழியில் தண்ணீர் வராது என்பார்கள்.

"தம்பி, பொழுது எறங்கற வரைக்கும் எனக்கு நேரம் வோணும்."

"அக்கா, என்னக்கா நீங்க. நல்ல நேரம் போயிருச்சுன்னா மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது? கொண்டாந்து குடுங்க, கட்டிக்கறோம்."

"பசை இன்னும் எறுகல. இப்பக் கட்டுனா ரோட்டுக் குலுக்கல்ல போயிரும்."

"நேத்துப் போன்ல ஆயிரும்னீங்களே?"

சுற்றி ரிக் ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். பலர் அவர் வாயில் அடிபட்டவர்கள். வசந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஆகல. நான் கலக்குனது தப்பாப்போச்சு. அந்தப் புள்ள சொல்லியும் கேக்காம எச்சு ஊத்திக் கெடுத்தேன். இன்னிக்குச் சொரண்டி எடுத்துட்டு மறுக்கா ஊத்தியிருக்குது. என்ற தப்புக்கு அது போட்டிக்குப் போகாம நிக்கக்கூடாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. செங்கோடன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நான் ஒண்ணு சொல்லுட்டா தம்பி?" என்றார் வசந்தாமணி. "நல்ல நேரத்துக்குப் பழத்த நசுக்கிக் கெளம்பிருங்க. ஊரைத் தாண்டி சங்ககிரி ரோட்டுல டீசல் பங்க்ல போயி நில்லுங்க. திரும்பி வரல, முன்னாலதான் போயிருக்கீங்க. டீ குடிக்க நின்ன வண்டிய எந்தச் சாமி கோவிச்சுக்கும்?"

செங்கோடன் யோசித்தார். ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர், "டீசலும் போடோணும்ல" என்றார். தேங்காய் உடைந்தது. பழம் நசுங்கியது. லாரி நல்ல நேரத்திலேயே முறைப்படி திருச்செங்கோட்டை விட்டுக் கிளம்பிவிட்டது.

பொழுது இறங்கும்போது கயாக்கை வேனில் கட்டிக்கொண்டு மூவரும் டீசல் பங்குக்குப் போனார்கள். விளிம்பில் ஊறி நின்ற பசையில் வசந்தாமணி நகத்தால் குத்திப் பார்த்தார், நகம்தான் மடங்கியது. ஓட்டை வழியாகச் சக்கரத்துக் கம்பியை விட்டு மூக்குப் பக்கத்தைத் தட்டினார். கண்ணாடியில் தட்டிய மாதிரி கேட்டது. முழுப் பலம் வர இன்னும் நாளாகும், ஆனால் போபால் போய்ச் சேருவதற்குள் அது வந்துவிடும்.

"ஏத்தலாங்களாக்கா?" என்றார் செங்கோடன்.

"இரு தம்பி. தாங்குதான்னு பாத்துட்டு ஏத்தலாம்."

சாக்கை விரித்துக் கயாக்கைத் தரையில் வைத்து, அதன் வாலை லாரியின் பின்கொக்கியில் இழுத்துக் கட்டினார்கள். முன்னால் ஒரு வேப்பமரத்தில் கயிறு கட்டி அதன் மறுமுனையைக் கனிஷ்காவின் கையில் கொடுத்தார்கள். உட்கார்ந்து, இடது காலைப் பலகையில் ஊன்றிக் கயிற்றை இழுக்க வேண்டும். வசந்தாமணி பக்கத்தில் படுத்து, தோளை உள்ளே விட்டு, பலகையின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"அழுத்து சாமி."

கனிஷ்கா அழுத்தினாள். கயிறு லேசாக விறைத்தது. பலகை அசையவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க அத்தை."

வசந்தாமணி தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். "இல்ல. நீ புடிச்சு வெச்சுட்டு அழுத்தற. ஆத்துல ஒடஞ்சுதே, அன்னையில இருந்தா?"

அந்தப் பெண் ஆமென்று தலையை அசைத்தாள். "அதுக்கு முன்னாலயுந்தானுங்க" என்றாள். "அந்தத் தாங்கி ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு. அழுத்துனா வந்துரும்னு தெரியும்." கந்தப்பன் இதை இதற்கு முன் கேட்டதில்லை. கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது நீ அளந்தது. ரெண்டுக்கு ஒண்ணு" என்றார் வசந்தாமணி. "ஒடஞ்சா இங்கயே ஒடயட்டும். இங்க தண்ணி இல்ல, முழுகமாட்ட. மறுக்கா ஒட்டித் தாரேன், லாரியை நான் நிறுத்தி வெக்கறேன். உனக்கு எவ்வளவு இருக்குதோ அவ்வளவும் போடு."

கனிஷ்கா கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். கயிறு முறுகிச் சத்தம் போட்டது. லாரிக் கொக்கி கிரீச்சிட்டது. கயாக் வாலில் போட்ட கட்டு இறுகி, வேப்பமரத்தில் பட்டை உரிந்தது. சும்மா பார்த்துக்கொண்டு நின்ற ரிக் ஆட்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். உள்ளே வசந்தாமணியின் விரலுக்கடியில் பலகை இருந்த இடத்தில் இருந்தது. ஒரு நூல் அசையவில்லை. தொடை நடுங்குகிறவரை அழுத்திவிட்டுக் கனிஷ்கா மெதுவாகக் காலை எடுத்தாள்.

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளா நான் இதுல பாதிகூட அழுத்துனதில்லீங்க அத்தை."

"அப்ப, உன்ற சாரு எழுதிப்போட்டாரே, அந்த நேரமெல்லாம்?" என்றார் கந்தப்பன்.

"அது பாதிக் காலுல போட்டதுங்கப்பா."

கந்தப்பன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மகளைத் தூக்கிவிடக் குனிந்து கையை நீட்டினார். செங்கோடன் ஆட்களைக் கூப்பிட்டு, கம்பிகளின் மேல் வைக்கோல் பரப்பச் சொன்னார்.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள் கனிஷ்கா, கயிற்றை மறுபடியும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே. "இன்னொருக்கா அழுத்திப் பாத்துக்கறேன்."